சிவப்புப் புள்ளி எதன்மேல் நிற்கிறது?

எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளி என்று பெயர் போட்டு, மேலே சிவப்பும் மஞ்சளும் தெளித்த ஒரு வரைபடம் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். வடசென்னை வருடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் புதைகிறது என்று கீழே ஒரு வரி இருக்கும். எத்தனை மில்லிமீட்டர் என்பது இரண்டாவது கேள்வி. அந்தச் சிவப்புப் புள்ளி எதன்மேல் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

செயற்கைக்கோள் ரேடாருக்கு மண் தனியாகத் தெரியாது. தன் அலையைப் பலமாகத் திருப்பி அனுப்புகிற சுவர் மூலை, தகரக் கூரை, இரும்புத் தொட்டி, பாலத்தின் கைப்பிடிச் சுவர், இவைதான் தெரியும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகிற மெட்ரோ பாலம் பைல்களின்மேல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய கான்கிரீட் தூண்களின்மேல் நிற்கிறது. கீழே இருக்கும் கடைகளுக்கு அஸ்திவாரம் இடுப்பளவுதான். மேல்மண் இறங்கினால் கடை இறங்கும், பாலம் இறங்காது. ரேடாருக்குப் பளிச்சென்று தெரிவதோ பாலம். ஆகவே வரைபடத்தில் ஒரு தெரு பச்சையாக இருக்கிறது என்பதை வைத்து அந்தத் தெரு அசையவில்லை என்று எழுதித் தர முடியாது. ரேடாருக்குப் பிடித்தமான பொருள்கள் பலவும் இறங்காமல் இருக்கவென்றே கட்டப்பட்டவை. இந்த ஒருதலைச் சாய்வை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பிறர் போட்ட வரைபடத்தைப் படிக்க வேண்டும், நாமே ஒன்று போடுவதானாலும் போட வேண்டும்.

அளவு எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பாவின் சென்டினல்-1 சுமார் 693 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அதன் ரேடார் அலைநீளம் 5.55 செ.மீ. 12 நாளுக்கு ஒருமுறை அதே தடத்தில் வந்து அதே கோணத்தில் படம் எடுக்கும். ஒவ்வொரு பிக்சலிலும் திரும்பி வந்த அலையின் வலு மட்டுமல்ல, அலை எந்தக் கட்டத்தில், அதாவது தன் ஏற்ற இறக்கத்தின் எந்த இடத்தில் வந்து சேர்ந்தது என்பதும் பதிவாகிறது. இரண்டு தேதிகளின் கட்டத்தைக் கழித்தால் தூரம் மாறியது தெரிந்துவிடும். அலை போய்த் திரும்புவதால், தூரம் 2.8 செ.மீ. மாறினால் கட்டம் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். இதற்குத்தான் இன்சார் என்று பெயர். முதல் கோள் 2014 ஏப்ரலில் ஏவப்பட்டது. அதன் ஜோடி 2021 டிசம்பரில் செயலிழந்தது. மூன்றாவது 2024 டிசம்பரில் மேலே போனது. படங்கள் எல்லாம் இலவசம். தொடக்க வருடங்களில் தேதிகள் சீராக இருக்காது. வரிசையில் பெரிய ஓட்டை இல்லாத இடத்திலிருந்து தொடங்குவது நல்லது.

ரேடார் நேர் கீழே பார்ப்பதில்லை, சாய்வாகப் பார்க்கிறது. அதனால் கிடைக்கும் எண், கோளை நோக்கிய சாய்வுத் திசையில் நடந்த மாற்றம். அசைவு முழுக்கச் செங்குத்து என்று எடுத்துக்கொண்டால், சாய்வுக் கோணத்தின் கொசைனால் வகுக்க வேண்டும். கோணம் 39 டிகிரி என்றால் சாய்வில் 10 மி.மீ. என்பது செங்குத்தில் கிட்டத்தட்ட 13 மி.மீ. இரண்டு குழுக்களின் எண்கள் ஒத்துப்போகாமல் இருப்பதற்குப் பல சமயம் இந்த வகுத்தல் ஒன்றே காரணமாக இருக்கும். ஒருவர் வகுத்திருப்பார், மற்றவர் விட்டிருப்பார். கிழக்கு மேற்கு அசைவைப் பிரித்தெடுக்க, காலை 6 மணி வாக்கில் வடக்கிலிருந்து இறங்கும் தடமும் மாலை 6 மணி வாக்கில் தெற்கிலிருந்து ஏறும் தடமும் இரண்டுமே வேண்டும். வடக்கு தெற்கு அசைவுக்கு ரேடார் ஏறக்குறையக் குருடு. இரண்டு தடத்திலும் தொடர்ச்சியான படங்கள் இருக்கின்றனவா என்பதைத் தேடும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஒரு தடம்தான் என்றால், செங்குத்து என்று நீங்கள் போடுவது ஓர் அனுமானம் என்பதை வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

முழுப் படமாக இறக்கினால் ஒன்றே சில ஜிபி வரும். இரண்டு வருடத்துக்கு 60 படம் என்றால் வீட்டு இணையம் திணறிவிடும். அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தின் தளத்தில் நாசாவின் எர்த்டேட்டா கணக்கை வைத்து நுழைந்தால், படத்தைத் துண்டு துண்டாக, அங்கே பர்ஸ்ட் என்று சொல்வார்கள், எடுத்துக்கொள்ளலாம். ஒரு பர்ஸ்டின் நீளம் சுமார் 20 கி.மீ. காட்டுப்பள்ளியிலிருந்து பரங்கிமலை வரை 30 கி.மீ.க்கு மேல் வருகிறது. பரங்கிமலை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். ஆகவே அடுத்தடுத்த இரண்டு மூன்று பர்ஸ்ட் வேண்டும். அதே மையத்தின் ஹைப்3 சேவையில் இரண்டிரண்டு தேதிகளாக ஜோடிகளைக் கொடுத்தால், இன்டர்ஃபெரோகிராம்களை, அதாவது இரண்டு தேதிகளின் கட்டத்தைக் கழித்த படங்களை, அவர்கள் கணினியிலேயே போட்டுத் தருவார்கள். மாத வரம்புக்குள் காசில்லை. பிறகு காலவரிசையாக மாற்ற மிண்ட்பை என்ற மென்பொருள் போதும். சொந்தக் கணினியில் முதலிலிருந்து செய்வதாக இருந்தால் ஐசிஇ2 மென்பொருள், இல்லையென்றால் ஸ்னாப். துல்லியமான சுற்றுப்பாதைக் கோப்பு படம் எடுத்து ஏறக்குறைய 20 நாள் கழித்துத்தான் வரும். அவசரப்பட்டு அதற்கு முந்தைய கோப்பைப் போட்டால், படம் முழுக்க ஒரு மெல்லிய சாய்வு கலந்துவிடக்கூடும்.

ஜோடி போடும்போது ஒவ்வொரு தேதியையும் அடுத்த மூன்று தேதிகளோடு சேர்ப்பது வழக்கம். அதோடு நிறுத்தினால் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. குறுகிய கால ஜோடிகளில் மண்ணின் ஈரமும் செடிகளின் வளர்ச்சியும் ஒரு சிறிய போலி அசைவைத் தரும். ஒன்றில் பார்த்தால் ஒன்றுமில்லை. முப்பதைக் கூட்டினால் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் புதைவதுபோல் காட்டும். வயலும் புல்வெளியும் கலந்த மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் இது தாராளமாக நடக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் இடைவெளி உள்ள ஜோடிகளையும் சேருங்கள். அவற்றோடும், அவை இல்லாமலும், இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். கட்டடப் பகுதியில் விடை மாறாமல் வயலில் மட்டும் மாறினால், வயலில் கிடைத்த எண்ணை நம்ப வேண்டாம்.

நில உயரத்துக்கு கோபர்நிகஸ் 30 மீட்டர் மாதிரி போதுமானது. ஆனால் அதற்கு அடிப்படையான ரேடார் படங்கள் 2010 கடைசியிலிருந்து 2015 தொடக்கம் வரை எடுக்கப்பட்டவை. அதன்பிறகு கொட்டி உயர்த்திய மனைகள் அதில் கிடையாது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ நீட்டிப்பு 2021 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது, அந்தப் பாலமும் கிடையாது. இது பெரிய ஆபத்தா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு படங்களும் எடுக்கப்பட்ட இடங்களுக்கு இடையே 100 மீட்டர் விலகல் இருந்தால், சுமார் 140 மீட்டர் உயரப் பிழைக்குத்தான் ஒரு முழுச் சுற்று வரும். 10 மீட்டர் உயரத் தவறு 2 மி.மீ. அளவுக்கு வந்து நிற்கும். சென்டினலின் தடம் இறுக்கமானது, விலகல் இதைவிடக் குறைவாகவே இருக்கும். காலவரிசையில் உயரப் பிழையைத் தனியாகக் கழிக்கும் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பிக்சல் அளவு. ஹைப்3 தரும் 80 மீட்டர் பிக்சலில் ராயபுரத்தின் ஒரு சந்து முழுவதுமே அடங்கிவிடும். 40 மீட்டர், பர்ஸ்ட் முறையில் 20 மீட்டர் வரை இறங்கலாம். இறங்க இறங்க இரைச்சல் கூடும். மீஞ்சூர் போன்ற திறந்த வெளிக்கு 80 போதும். தண்டையார்பேட்டைக்கு 20 வேண்டும், அல்லது தனித்தனிப் பளிச்சுப் புள்ளிகளைப் பின்தொடரும் முறை வேண்டும். அதற்குக் குறைந்தது 25 படமாவது இருந்தால்தான் தொடங்குவதில் அர்த்தம் உண்டு. எந்த முறையானாலும், "என் வீடு இறங்குகிறதா?" என்று கேட்பவருக்கு இதிலிருந்து பதில் சொல்லக் கூடாது. சென்டினலின் ஒரு மூலப் பிக்சலே தரையில் கிட்டத்தட்ட 5 மீட்டருக்கு 20 மீட்டர். அதற்குள் இரண்டு மூன்று வீட்டு மொட்டை மாடி, ஒரு சின்டெக்ஸ் டேங்க், ஒரு தகரக் கொட்டகை எல்லாம் உட்கார்ந்திருக்கும். எது அதிகம் பளிச்சிடுகிறதோ அதன் பேச்சுதான் அங்கே எடுபடும்.

எதற்கு ஒப்பிட்டு?

இன்சார் தரும் எல்லா எண்ணும் ஒப்பீடுதான். ஒரு புள்ளியை அசையாதது என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடுகிறோம். வடசென்னையின் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மேலே தெரிகிற பாறை ஒன்றுகூட இல்லை. எல்லாம் கடல் மணல், ஆற்று வண்டல், கழிமுகக் களிமண், அதன்மேல் மனிதர் கொட்டிய மண். மென்பொருளின் விருப்பத்துக்கு விட்டால், ஒத்திசைவு (தேதிக்குத் தேதி திரும்பும் அலை எவ்வளவு மாறாமல் ஒத்திருக்கிறது என்பதன் அளவு, 0 முதல் 1 வரை) அதிகமான ஏதோ ஒரு பிக்சலைத் தானே எடுத்துக்கொள்ளும். அது மணலியில் ஒரு தொழிற்சாலைக் கூரையாக இருந்துவிட்டால், அந்தக் கூரை வெயிலில் நீள்வதும் குறுகுவதும் தலைகீழாகி ஊர் முழுக்க அலை அடிக்கும். துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலைப் பக்கமும் வேண்டாம். துறைமுகம் வந்தபின் சேர்ந்த மணலும் நிரப்பிய நிலமும் அங்கே கலந்திருக்கின்றன.

பாறை வேண்டுமென்றால் தெற்கே போகத்தான் வேண்டும். பரங்கிமலையும் பல்லாவரமும் சார்னோகைட் பாறை. நில அளவையாளர் லாம்டன் 1802-இல் இந்தியாவை அளக்கத் தன் அடிக்கோட்டைப் போட்டதும் பரங்கிமலை அருகேதான். அளவைக்காரர்களுக்கு அந்தக் குன்றை விட்டால் சென்னையில் வேறு கதி இல்லை போலும். குன்றின் சரிவில் மரம் மண்டியிருக்கும், அதை எடுக்கக் கூடாது. அடிவாரத்தில் பாறைக்கு மேலேயே நிற்கும் பழைய தாழ்ந்த கட்டடங்களில் ஒத்திசைவு 0.9-க்கு மேல் உள்ள பிக்சல்கள் ஐந்தாறைச் சேர்த்துச் சராசரி எடுங்கள். ஒற்றைப் பிக்சலை நம்ப வேண்டாம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. எண்ணூரிலிருந்து அங்கே போக 25 கி.மீ.க்கு மேல். தூரம் கூடக் கூடக் காற்றின் ஈரம் செய்யும் பிழை கூடும். அதனால் இரண்டு படியாகச் செய்வது நல்லது. முதலில் பரங்கிமலையை வைத்து வடசென்னைக்குள் நான்கைந்து இடங்களின் நீண்டகாலப் போக்கைப் பார்க்க வேண்டும். அவற்றில் பல வருடமாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் ஒப்பீட்டுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் அந்தப் புள்ளியைக் கறுப்புச் சதுரமாகக் குறித்துவிடுங்கள். அது குறிக்காத வரைபடம் வந்தால் மேலே படிக்கத் தேவையில்லை.

காற்றும் தண்ணீரும்

காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் மாறினால் தரை 10 செ.மீ. வரை அசைந்ததுபோல் காட்டக்கூடும் என்பது 1990-களிலேயே கணக்கிடப்பட்டுவிட்டது. கடலோர ஊருக்கு இது சாதாரண விஷயமில்லை. மாலைத் தடத்துக்குக் கடற்காற்றின் விளிம்பு சில சமயம் ஒரு கோடாகவே படத்தில் விழும்; கரைக்கு இணையாக ஓடும் ஒரு நிறப் பட்டையைப் பார்த்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். காலைத் தடம் ஓரளவு அமைதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டுமே மோசம். வானிலை மாதிரியான ஈரா5 கொண்டு திருத்தலாம்தான். ஆனால் அதன் ஒரு சதுரம் 25 முதல் 30 கி.மீ. அகலம். வடசென்னை முழுவதும் ஒன்றிரண்டு சதுரத்துக்குள் முடிந்துவிடும், தெருவுக்குத் தெரு மாறும் ஈரத்தை அது அறியாது. உண்மையான மருந்து படங்களின் எண்ணிக்கை. ஒரு தேதி கெட்டது என்றால் அது கலந்த எல்லா ஜோடியும் ஒரே வடிவத்தில் கெட்டிருக்கும். அந்தத் தேதியைத் தூக்கிவிடுங்கள். புயல் சின்னத்தின்போது எடுத்த படத்தின்மேல் பரிதாபப்பட வேண்டியதில்லை.

தண்ணீர் செய்யும் கோளாறு வேறு வகை. கட்டம் சுற்றிச் சுற்றி வருவதால் எத்தனை சுற்று முடிந்தது என்பதை மென்பொருள் பக்கத்துப் பிக்சலைப் பார்த்துத்தான் எண்ணும். இதற்கு அன்ராப்பிங் என்று பெயர். நடுவே தண்ணீர் வந்தால் எண்ணிக்கை அறுந்துபோகும். காட்டுப்பள்ளியைச் சுற்றிப் பாருங்கள்: கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும், தெற்கே கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம். மொத்தமும் ஒரு தீவு மாதிரி. அங்கிருக்கும் துறைமுகம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாமே ஒரு சுற்று தவறி எண்ணப்பட்டால், தீவு முழுவதும் ஒரே நாளில் 28 மி.மீ. சாய்வுத் திசையில் இறங்கியதுபோல் காட்டும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. காலவரிசையில் 28 மி.மீ.யோ அதன் மடங்கோ ஒரு படிக்கட்டு இருந்தால், அதுவும் நீர் எல்லையோடு சரியாக நின்றுவிட்டால், நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று தேதிகளின் மூன்று ஜோடிகளைக் கூட்டிப் பூஜ்யம் வருகிறதா என்று பார்க்கும் சோதனையை ஓட்டுங்கள். மிண்ட்பையில் தனித்தனித் துண்டுகளுக்குப் பாலம் போடும் வழி இருக்கிறது, அதையும் இயக்குங்கள். தண்ணீரை முதலிலேயே மறைத்துவிடுவது கட்டாயம். எண்ணூர்க் கழிமுகத்தில் அலையும் வெள்ளமும் கரையை மாற்றிக்கொண்டே இருப்பதால் பழைய நீர்நிலை வரைபடம் உதவாது. ஒத்திசைவின் சராசரியிலிருந்தே மறைப்பைத் தயாரியுங்கள்.

இடம் இடமாக

மணலி எண்ணெய்த் தொட்டிகளில் மிதக்கும் கூரை வகை உண்டு. உள்ளே எண்ணெய் ஏறினால் கூரை ஏறும், இறங்கினால் இறங்கும். ரேடாரில் அப்படி ஒரு தொட்டி மூன்று புள்ளியாகத் தெரியும்: மேல் விளிம்பு, அடித்தரையும் சுவரும் சேரும் மூலை, கூரையும் சுவரும் சேரும் மூலை. மூன்றாவது இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதைத் தரையசைவாக எடுத்துக்கொண்டால் கதை கந்தல். அடி மூலைப் புள்ளி ஒன்றைத்தான் அஸ்திவாரத்தின் சாட்சியாக வைக்கலாம். மேல் விளிம்பு வெப்பத்தில் நீளும். 20 மீட்டர் உயர எஃகுத் தொட்டி 10 டிகிரி சூட்டுக்கு 2.4 மி.மீ. உயரும். கான்கிரீட் புகைபோக்கிக்கும் இதே கணக்கு. ஜனவரிக் காலைக்கும் மே மாதக் காலைக்கும் 8 டிகிரி வித்தியாசம் என்றால், 100 மீட்டர் உயரத்தில் 8 மி.மீ. வரும். வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை ஒன்றைக் கண்டதும் நிலத்தடி நீர் என்று எழுதும் முன், புள்ளியின் உயரத்தைப் பாருங்கள். உயரம் கூடக் கூட அலையின் வீச்சும் கூடினால் அது வெப்பம்.

துறைமுகக் கன்டெய்னர் அடுக்குகள் ஒவ்வொரு 12 நாளிலும் வேறு. நிலக்கரிக் குவியலும் அப்படியே. இவை தாமாகவே ஒத்திசைவை இழந்து விலகிவிடும், நல்லதுதான். கவனிக்க வேண்டியது கிரேன் தண்டவாளமும் கப்பல் தளமும். இவை பைல்மேல் நிற்பவை, பின்னால் இருக்கும் சரக்குத் தளமோ நிரப்பிய மண்மேல் கிடக்கிறது. சரக்குத் தளம் இறங்குவதும் கப்பல் தளத்தின் விளிம்பு நிற்பதும் ஒரே சட்டகத்தில் தெரிந்தால் உங்கள் கணக்கு சரியாக ஓடியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை. உண்மையில் ஆளைக் கெடுப்பது மொத்தப் புதைவு அல்ல, பக்கத்துப் பக்கத்தில் ஏற்படும் இந்த வித்தியாசம்தான். குழாய் உடைவதும் சுவர் பிளப்பதும் அங்கேதான்.

அனல் மின் நிலையச் சாம்பல் குட்டைகளின் உட்பகுதி ஈரமாகவும் மாறிக்கொண்டும் இருக்கும். எண் வந்தாலும் அழித்துவிடுங்கள். கரைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். உப்பளங்கள் வருடத்தில் பாதி தண்ணீர். காசிமேட்டுக்கு வடக்கே கடலரிப்புக்காகக் கொட்டிய கற்களும் தூண்டில் வளைவுகளும் ரேடாரில் பளபளக்கும், ஆனால் ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் கல் சரியும், புதுக்கல் கொட்டுவார்கள், வரிசை அறுந்துபோகும். அறுந்த இடத்துக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

கொடுங்கையூர் குப்பைமேடு ஒரு தனி அத்தியாயம். குப்பை மட்கி அமுங்கும் வேகம் ரேடாரின் எல்லையையே தாண்டக்கூடும். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே இரண்டு படங்களுக்குள் அலைநீளத்தின் கால் பங்குக்கு, அதாவது 1.4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சுற்றின் எண்ணிக்கை தவறும். 12 நாளுக்கு 1.4 என்றால் காகிதத்தில் வருடத்துக்கு 42 செ.மீ.; நடைமுறையில் அதில் பாதிகூடத் தாங்காது. எல்லை மீறினால் மென்பொருள் பிழை என்று சொல்லாது, மெதுவாக இறங்குவதாகச் சமாதானம் சொல்லும். போதாக்குறைக்குப் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கிற வேலையும் நடப்பதால் மேற்பரப்பே மாறுகிறது. அங்கே ட்ரோன் படங்களிலிருந்து உயரம் எடுப்பதே முறை.

மெட்ரோ சுரங்கத்துக்கு இன்சார் போதுமா என்று கேட்பார்கள். மாதவரம் பால்பண்ணையிலிருந்து மூலக்கடை, பெரம்பூர் வழியாகப் போகும் மூன்றாம் வழித்தடம் பூமிக்கடியில் போகிறது. 6.6 மீட்டர் விட்டத்தில் துளை, ஒரு சதவீதம் மண் இழப்பு என்று வைத்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.34 கனமீட்டர் மண் குறையும். மேலே விழும் பள்ளத்தின் அகல அளவு (நடுவிலிருந்து சரிவு மிகச் செங்குத்தாகும் இடம் வரையிலான தூரம்) 8 மீட்டர் என்றால் நடுவில் சுமார் 17 மி.மீ. இறங்கும், இருபுறமும் 20-25 மீட்டருக்குள் அது மறைந்துவிடும். 80 மீட்டர் பிக்சலில் இது கரைந்துபோகும். 20 மீட்டரில் தெரியலாம். ஆனால் இயந்திரம் கடக்கும் சில நாட்களிலேயே பெரும்பகுதி நடந்து முடிந்துவிடும், கோள் வருவது 12 நாளுக்கு ஒருமுறை. எச்சரிக்கைக்குத் தினசரி லெவல் எடுப்பதுதான், அதாவது கருவி வைத்துத் தரையின் உயரத்தை நேரில் அளப்பதுதான். ரேடாரின் பயன், தோண்டுவதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் அந்தக் கட்டடங்கள் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தனவா என்பதைக் காட்டுவது. விரிசல் யாரால் வந்தது என்ற சண்டையில் அதன் மதிப்பு வேறு.

வடிவத்தை வைத்துக் காரணத்தை ஊகிக்கலாம். களிமண்மேல் புதிதாக மண் கொட்டிய இடம் முதலில் வேகமாக இறங்கி, வருடம் போகப் போகத் தளரும் வளைவு. களிமண்ணிலிருந்து நீர் பிழிந்து வெளியேற வேண்டும், அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நேரம் கூடும்: களிமண் 5 மீட்டர் கனத்தில் 2 வருடம் எடுத்தால், 10 மீட்டரில் 8 வருடம். அதனால் இதற்கு நேர்கோட்டுச் சராசரி வேகம் போட்டு 2050 வரை நீட்டுவது தவறு. மீஞ்சூர், பஞ்செட்டிக் கிணற்று வயல்களில் வேறு கதை. கடல்நீர் உள்ளே வரும் அளவுக்கு அங்கே நீரை இறைத்திருப்பது 1960-களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. இங்கே மழைக்குப் பின் கொஞ்சம் எழுந்து கோடையில் அமுங்குவது மீள்கிற அசைவு. எழாமல் தங்கிவிடுகிற பங்குதான் கவலை. 2019-இன் வறட்சியையும் அதற்குப் பிந்தைய நல்ல மழை வருடங்களையும் ஒரே வரிசையில் வைத்து, கிணற்று நீர்மட்டத்தோடு சேர்த்து வரைந்தால் இரண்டையும் பிரிக்கலாம்.

பளிச்சென்று எதுவுமே இல்லாத இடத்தில் மூன்று முக்கோணத் தகடுகளால் ஆன மூலைப் பிரதிபலிப்பானை நாமே நட வேண்டும். பக்கம் 1 மீட்டர் இருந்தால் சென்டினலுக்கு 1,360 சதுர மீட்டர் அளவுக்குப் பளிச்சிடும். துளையிட்ட அலுமினியத் தகடு நல்லது, காற்றும் மழையும் கடந்துபோகும். தகடுகள் ஒன்றுக்கொன்று 90 டிகிரி பிசகாமல் இருக்க வேண்டும். இறங்கு தடத்துக்கு வாய் கிழக்கே, சற்றுத் தெற்கே சாய்ந்து பார்க்க வேண்டும். ஏறு தடத்துக்கு மேற்கே. அடித்தகடு மட்டமாக இருந்தால் அதன் பார்வை 35 டிகிரி மேலே இருக்கும். கோள் இருப்பதோ, சாய்வு 35 என்றால், 55 டிகிரியில். ஆகவே முன்விளிம்பை 20 டிகிரி தூக்க வேண்டும். அடிமூலையில் வடிகால் துளை விடாவிட்டால் மழைநீர் தேங்கிப் பயனற்றுப்போகும். எண்ணூர் உப்புக்காற்றில் சாதாரண போல்ட் இரண்டு மழைக்காலம் தாங்காது, ஸ்டெயின்லெஸ் போடுங்கள். காக்கை கூடு கட்டும். காயலான் கடைக்குப் போகும் ஆபத்தும் உண்டு, அதனால் சுற்றுச்சுவர் உள்ள வளாகமாகப் பாருங்கள். மிக முக்கியம், கான்கிரீட் கட்டை எதில் நிற்கிறது என்பது. மேல்மண்ணின் அசைவு வேண்டுமென்றால் ஆழமாகப் பதிக்கக் கூடாது.

சரிபார்க்க லெவல் எடுக்கும்போதும் இதே விதி. ஸ்டாஃபை, அதாவது அளவுக்கோலை, பாலத்தூணின் அடியில் வைத்து, ரேடார் எண்ணோடு ஒத்துப்போகிறது என்று மகிழ்வதில் பயனில்லை. தூண், அதன் பக்கத்து நடைபாதை, எதிரே பழைய ஓட்டு வீட்டின் படி என்று மூன்றிலும் வையுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் துல்லிய வேலைக்கே 12, 13 மி.மீ. பிழை அனுமதி உண்டு என்பதால், ஒரு வருடத்து 3 மி.மீ. போக்கை ஒரே ஒரு முறை லெவல் எடுத்து உறுதி செய்யவோ மறுக்கவோ முடியாது.

2025 ஜூலை 30 அன்று பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து கட்டிய நிசார் ரேடார் கோள் மேலே போனது. அதன் எல்-பேண்ட் அலை 24 செ.மீ. நீளம். இலை தழைகளைத் தாண்டி ஓரளவு உள்ளே பார்க்கும் என்பதால் மீஞ்சூர் வயல்வெளியில் சென்டினலுக்குக் கிடைக்காத ஒத்திசைவு அதற்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரு சுற்றுக்கு 12 செ.மீ. என்பதால் வேகமாக இறங்கும் இடங்களில் எண்ணிக்கை தவறுவதும் குறையும். ஆனால் நீண்ட அலையை அயனி மண்டலம் அதிகம் தொந்தரவு செய்யும். சென்டினலோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 19 மடங்கு. காந்த நிலநடுக்கோடு நம் தெற்கே, கேரளத்தின் தும்பா பக்கம் போகிறது, அதை ஒட்டி அயனி மண்டலத்தின் தொந்தரவு அதிகம், சென்னை அதற்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே மாலைத் தடத்தின் படங்களை அயனித் திருத்தம் செய்யாமல் தொடவே கூடாது, முதலில் காலைத் தடத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு கோள்களின் படங்களையும் ஒரே அடுக்கில் ஜோடி சேர்க்க முடியாது. தனித்தனியாக ஓட்டி, இரண்டுக்கும் பரங்கிமலையில் அதே கட்டடங்களை ஒப்பீடாக வைத்து, கடைசியில் வேகங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.